வயதான பூனை தீனியை விழுங்க முடியாமல் தவிப்பது ஏன்?

நெல், சோளம், கம்பு, நிலக்கடலை என எதை விளைவித்தாலும், அறுவடைக்குப் பிறகு அதை எலியிடமிருந்து காப்பது உழவருக்குத் தனி வேலையாகவே இருந்து வருகிறது. எலி ஒன்று நாள்தோறும் தன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தானியத்தைத் தின்கிறது. தின்பது போதாதென்று, சாக்கைக் கடித்துச் சிதறியும், சிறுநீராலும் புழுக்கையாலும் அசுத்தப்படுத்தியும் வீணாக்குகிறது. ஆகவேதான் குதிரும் பத்தாயமும் இருந்த வீடுகளில் பூனைக்கும் ஓர் இடம் இருந்தது. இன்று மூட்டைகளாக அடுக்கி வைக்கும் வீடுகளிலும் அந்த இடம் அப்படியே இருக்கிறது.

ஆனால், மாடு ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் உடனே மருத்துவரைத் தேடிச் செல்லும் நாம், பூனை நான்கு நாள் சாப்பிடாவிட்டாலும் கண்டுகொள்வதில்லை. உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் எலிக் கட்டுப்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் தம் வீட்டுப் பூனை வட்டிலுக்கு வந்து வந்து திரும்பிப் போவதாகச் சொன்னார். மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். “வயசாயிப் போச்சுங்க சார், இனிமே அது அவ்வளவுதான்” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னோம். 12 வயதுப் பெட்டைப் பூனை அது. தீனியை முகர்ந்து பார்க்கும், ஒரு வாய் எடுக்கும், தலையை உதறிக் கீழே போடும், முன்காலால் வாயைத் தேய்க்கும். வயதின் தளர்ச்சி என்று 9 நாள் விட்டுவிட்டோம். இடையில் என் தந்தையார் அதன் வாயைத் திறந்து பார்க்க முயன்று விரலில் கடி வாங்கினார். பத்தாம் நாள் கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு வாயைத் திறந்தார். மேலண்ணத்தில், இரு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே, கோழி எலும்புத் துண்டு ஒன்று குறுக்குச் சட்டம் போல மாட்டியிருந்தது. அதை எடுக்க அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதற்குள் பட்டினியால் பூனையின் ஈரல் கெட்டு, காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகிவிட்டன. எலும்பு போயிற்று, பூனை பிழைக்கவில்லை. தந்தையார் வெறிநோய்த் தடுப்பூசி முழுவதையும் போட்டுக்கொண்டார்.

நான் உழவியல் படித்தவன். கால்நடை மருத்துவன் அல்லன். எனினும், அன்று அந்த மருத்துவர் கற்றுக் கொடுத்ததையும், அதன்பின் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இக்கட்டுரையில் உழவர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறேன். முதுமை என்பது ஒரு நோய் அன்று. வட்டிலுக்கு வந்தும் சாப்பிட முடியாமல் திரும்பும் பூனைக்கு வாயிலோ, தொண்டையிலோ, உணவுக்குழலிலோ ஏதோ ஒரு கோளாறு இருக்கிறது. அது என்ன என்பதைக் காலத்தோடு கண்டறிந்தால் பல பூனைகளைக் காப்பாற்றலாம்.

எது வயதான பூனை?

பூனைக்கு 10, 11 வயதானால் முதுமை தொடங்கிவிட்டது எனலாம். 10 வயதுப் பூனை மனிதரில் 55 வயதைக் கடந்தவருக்கும், 15 வயதுப் பூனை 75 வயதைத் தாண்டியவருக்கும் ஒப்பாகும். நல்ல பராமரிப்பில் 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் பூனை வாழ்வது உண்டு. வயதான பூனை அதிகம் தூங்கும். உயரமான இடத்துக்குத் தாவத் தயங்கும். இவை இயற்கையே. உடல் மெலிவதும், வாயில் நீர் வடிவதும், தீனியைக் கண்டு பின்வாங்குவதும் முதுமையில் இயல்பாக வருபவை அல்ல.

விழுங்குதல் எவ்வாறு நடைபெறுகிறது?

விழுங்குதல் மூன்று படிகளில் நடக்கிறது.

முதலாவது, வாயில் நடப்பது. வளர்ந்த பூனைக்கு 30 பற்கள் உண்டு. பற்களால் தீனியைத் துண்டாக்கி, நாக்கால் பின்னுக்குத் தள்ளுகிறது. பூனையின் நாக்கு சொரசொரப்பாக இருப்பதை அறிவோம். அதிலுள்ள சிறு முட்கள் யாவும் தொண்டையை நோக்கிச் சாய்ந்துள்ளன. இதனால் நாக்கில் ஒட்டிய நூலையோ மயிரையோ வெளியே துப்புவது பூனைக்கு எளிதன்று. உள்ளேதான் தள்ள முடியும்.

இரண்டாவது, தொண்டையில் நடப்பது. தீனி தொண்டையை அடைந்தவுடன் குரல்வளையின் மூடி மூச்சுக்குழலை அடைத்துக்கொள்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் தீனி உணவுக்குழலுக்குள் சென்றுவிடுகிறது. இந்த மூடுதல் சரியாக நடக்காவிட்டால் தீனி மூச்சுக்குழலில் புகுந்து புரையேறும்.

மூன்றாவது, உணவுக்குழலில் நடப்பது. குழலின் சதைகள் அலை அலையாகச் சுருங்கித் தீனியை இரைப்பைக்குக் கொண்டு சேர்க்கின்றன.

இம்மூன்றில் எந்தப் படியில் தடை ஏற்பட்டாலும் பூனை பட்டினி கிடக்கும். எந்தப் படியில் தடை என்பதை, பூனையைத் தொடாமலே, அது சாப்பிடும்போது பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் ஓர் எச்சரிக்கை

பூனைக்கு விழுங்க முடியவில்லை என்றால், அதன் வாயில் கை விடக் கூடாது. எலும்பு சிக்கியிருக்கும் என்று எண்ணி விரலை விடுவதே பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. வெறிநோய் எனப்படும் ரேபிஸ் கண்ட பூனைக்கும் தொண்டைச் சதைகள் செயலிழந்து, விழுங்க முடியாமல் எச்சில் வடியும், குரல் மாறும், கீழ்த்தாடை தொங்கும். பார்ப்பவர்களுக்கு அது எலும்பு சிக்கியது போலவே தோன்றும். அந்த எச்சிலில் நோய்க்கிருமி இருக்கும். நோய்க்குறி வெளிப்பட்ட பின் ரேபிஸிலிருந்து மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

கீழ்க்கண்டவற்றில் எது இருந்தாலும் வெறிநோய் என்றே ஐயுற வேண்டும்.

1. நேற்று வரை நன்றாக இருந்த பூனைக்கு ஓரிரு நாளில் திடீரென்று நோய் தோன்றுதல்.
2. சாதுவான பூனை காரணமின்றிச் சீறிப் பாய்தல், அல்லது இருட்டில் போய் ஒளிந்துகொள்ளுதல்.
3. நடை தள்ளாடுதல், பின்கால்கள் இழுத்துக்கொள்ளுதல்.
4. அண்மையில் நாயோ வேறு விலங்கோ கடித்திருத்தல். பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடாதிருத்தல்.

இத்தகைய பூனையை அறையில் அடைத்துவிட்டு, குழந்தைகளை அருகில் விடாமல், கால்நடை மருத்துவருக்குத் தகவல் தர வேண்டும். வெறிநோய் கண்ட பூனை பெரும்பாலும் 10 நாட்களுக்குள் இறந்துவிடும். பல வாரங்களாக மெல்ல மெல்ல வளர்ந்து வரும் தொல்லை வெறிநோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் அந்த முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும்.

பூனை கடித்துவிட்டாலோ, பிறாண்டிவிட்டாலோ, அதன் எச்சில் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டாலோ செய்ய வேண்டியவை வருமாறு: கடிபட்ட இடத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், கண்ணையும் வாயையும் வெறும் தண்ணீரால் நன்கு கழுவினால் போதும். சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, மஞ்சள், காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மருத்துவர் குறித்துத் தரும் எல்லா நாட்களிலும் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். பூனை சாகிறதா பார்ப்போம் என்று காத்திருந்து முதல் ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

வட்டிலருகே கவனிக்க வேண்டியவை

சற்றுத் தள்ளி அமர்ந்து, பூனை சாப்பிடுவதைக் கால் மணி நேரம் கவனிக்கவும்.

பசியில்லாத பூனை வட்டிலுக்கே வராது. வந்தாலும் முகர்ந்துவிட்டு அக்கறையின்றிப் போய்விடும். இது காய்ச்சல், சிறுநீரகக் கோளாறு முதலிய உள்நோய்களின் அறிகுறி.

வாயில் வலியுள்ள பூனை ஆவலோடு ஓடி வரும். ஒரு வாய் எடுத்ததும் கத்திக்கொண்டோ சீறிக்கொண்டோ பின்வாங்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லும். எடுத்த தீனி வாயோரமாகக் கீழே விழும். எச்சிலில் துர்நாற்றமோ இரத்தமோ காணப்படும்.

தொண்டையில் தடையுள்ள பூனை ஒரே வாய்த் தீனியை விழுங்க இரண்டு மூன்று முறை கழுத்தை நீட்டி முயலும். தண்ணீர் குடிக்கும்போது இருமும். சில வேளை மூக்கு வழியே நீர் வரும்.

உணவுக்குழலில் தடையுள்ள பூனை எளிதாக விழுங்கும். பின்னர், உடனேயோ சற்று நேரம் கழித்தோ, தீனி அப்படியே எதுக்களித்து வெளியே வரும். இதை வாந்தி என்று எண்ணிவிடக் கூடாது. வாந்தியில் வயிறு குலுங்கும், குமட்டும், வருவது பாதி செரித்ததாகவோ பித்த நீருடனோ இருக்கும். எதுக்களிப்பில் வயிறு குலுங்காது. வருவது மெல்லிய கோழை பூசிய செரிக்காத தீனி, பெரும்பாலும் குழல் வடிவில் இருக்கும்.

இந்த நான்கில் உங்கள் பூனை எந்த வகை என்று மருத்துவரிடம் சொல்ல முடிந்தால், அவருடைய வேலையில் பாதி முடிந்தது போலாகும்.

வாயில் வரும் கோளாறுகள்

வயதான பூனையில் மிகுதியாகக் காணப்படுவது பல் நோயே. பல்லில் காறை படிந்து, ஈறு சிவந்து வீங்கி, நாளடைவில் பல் ஆட்டம் கொடுத்துச் சீழ் கட்டும். பூனைகளுக்கு அடிக்கடி வரும் இன்னொரு பல் நோயும் உண்டு. ஈறோரத்தில் பல் தானே கரைந்து குழி விழும். வலி கடுமையாக இருக்கும். இவ்விரண்டுக்கும் கெட்ட பல்லைப் பிடுங்குவதே நல்ல மருத்துவமாகும். பல் போனால் பூனை எப்படிச் சாப்பிடும் என்று அஞ்ச வேண்டாம். வலியோடு 30 பல் இருப்பதைவிட, வலியின்றிப் பொக்கை வாயாக இருக்கும் பூனை நன்றாகச் சாப்பிடும்.

சில பூனைகளுக்கு ஈறிலிருந்து தொண்டை வாசல் வரை முழுவதும் சிவந்து புண்ணாகும். மருந்தால் மட்டும் இது அடங்குவது அரிது. கடைவாய்ப் பற்களை எல்லாம் எடுத்துவிட்ட பின் பெரும்பாலான பூனைகள் தேறுகின்றன.

அடுத்தது, சிக்கும் பொருள்கள். எலும்புத் துண்டு, மீன் முள், தூண்டில் முள், சாக்கு தைக்கும் ஊசியும் சணலும், தையல் நூல் ஆகியவை வாயிலோ தொண்டையிலோ மாட்டிக்கொள்ளலாம். கருவாட்டு மூட்டை கட்டிய சணலை அதன் வாசனைக்காகவே பூனை கடிக்கும். நாக்கின் அடியில் நூல் சுற்றி, மறுமுனை குடல் வரை சென்றிருப்பதும் உண்டு. வாயோரம் நூல் தெரிந்தால் அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே குடல் கயிற்றில் கோத்தது போலச் சுருங்கி அறுபட்டுப் போகும்.

புற்றுநோயையும் மறந்துவிடலாகாது. வயதான பூனையின் வாயில் வரும் கட்டிகளில் மிகுதியானது ஒருவகைப் புற்றுநோயே. பெரும்பாலும் நாக்கின் அடியிலோ தாடை ஈறிலோ தோன்றும். தாடையின் ஒரு பக்கம் வீங்குதல், ஓர் இடத்தில் மட்டும் பற்கள் ஆடுதல், எச்சிலில் இரத்தம் வருதல் ஆகியன அறிகுறிகள். சிறு கட்டியாக இருக்கும்போது கண்டால்தான் அறுவைக்கு வழி உண்டு. முற்றிய நிலையில் வலியைக் குறைப்பதும், துன்பம் மிகும்போது வலியின்றி உயிரை முடித்து வைப்பதுமே மருத்துவர் செய்யக் கூடியது. அந்த முடிவைக் குடும்பத்தார் மருத்துவரோடு கலந்து எடுப்பது பாவமாகாது.

வாயில் புண் இருந்து, மூச்சில் சிறுநீர் வாடை அடித்தால், கோளாறு வாயில் இல்லை, சிறுநீரகத்தில் இருக்கிறது. அத்தகைய பூனை தண்ணீர் அதிகம் குடித்து, சிறுநீரும் அதிகம் கழிக்கும். இரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும்.

தொண்டையிலும் குரல்வளையிலும் வரும் கோளாறுகள்

பூனை புல் தின்பதை உழவர்கள் அறிவர். புல்லின் ஓரத்தில் உள்ள சுணை கண்ணுக்குத் தெரியாத வாள் போன்றது. பூனை புல்லைக் கக்கும்போது, சில சமயம் ஒரு தாள் மேலண்ணத்துக்குப் பின்னால் மூக்குப் பாதையில் ஏறி மாட்டிக்கொள்ளும். திடீரென்று தொடர் தும்மல், ஒரு பக்க மூக்கில் சளி, வெறும் வாயை அடிக்கடி விழுங்குதல் ஆகியவை கண்டால் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

குரல் மாறுவதும் முக்கியமான அறிகுறியாகும். கத்தும் குரல் கம்மிப் போதல், மூச்சு இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வருதல், சிறிது ஓடினாலும் வாயைத் திறந்து மூச்சு வாங்குதல் ஆகியவை குரல்வளைக் கோளாறைக் காட்டும். குரல்வளைச் சதை செயலிழத்தல், வீக்கம், கட்டி ஆகியவற்றுள் எது என்பதை மயக்கம் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வாய் திறந்து மூச்சு வாங்கும் பூனைக்கு நாள் கணக்கில் காத்திருக்க நேரமில்லை. மணிக் கணக்கில் எண்ண வேண்டும்.

உணவுக்குழலில் வரும் கோளாறுகள்

விழுங்கிய எலும்பு உணவுக்குழலில் தங்குமானால், பெரும்பாலும் மார்புக்கூட்டின் வாசலிலோ, இதயத்துக்கு மேலோ, இரைப்பைக்குச் சற்று முன்போ தங்கும். எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும்.

இன்னொரு காரணம் பலரும் அறியாதது. அது மாத்திரை. நீர் கொடுக்காமல் வாயில் போட்ட மாத்திரை பூனையின் உணவுக்குழலில் நெடுநேரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். டாக்சிசைக்ளின், கிளிண்டாமைசின் போன்ற மருந்துகள் அவ்வாறு நின்ற இடத்தில் புண்ணை உண்டாக்கும். புண் ஆறும்போது தழும்பு சுருங்கிக் குழல் குறுகிவிடும். பிறகு கூழ் தவிர எதுவும் இறங்காது. இதைத் தடுப்பது எளிது. மருத்துவர் எந்த மாத்திரை கொடுத்தாலும், அதை விழுங்கியவுடன் 5 முதல் 6 மில்லி தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரமாகச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். வெண்ணெய் தடவியோ மீன் மசியலில் பொதிந்தோ கொடுப்பதும் உதவும். குழல் குறுகியிருந்தாலும் உள்ளே பலூன் செலுத்தி விரிக்கும் மருத்துவம் இப்போது உண்டு.

வயலில் மருந்து அடித்த நாள்

திடீரென்று நுரையும் எச்சிலுமாக வடிந்தால், அன்று வீட்டில் பூச்சிமருந்து கையாளப்பட்டதா என்று எண்ணிப் பார்க்கவும். மருந்து பட்ட உடம்பைப் பூனை நக்கினாலே போதும். எச்சிலோடு கண்மணி சுருங்குதல், கழிச்சல், சதைத் துடிப்பு ஆகியன சேர்ந்து வரும். மாட்டு உண்ணிக்குப் பயன்படுத்தும் சில மருந்துகளும் பூனைக்குக் கொடிய நஞ்சாகும். குறிப்பாகப் பெர்மெத்ரின் கலந்தவற்றைப் பூனைமேல் தடவவே கூடாது. நஞ்சு என்று ஐயம் வந்தால், கையுறை அணிந்து பூனையின் உடம்பைத் தண்ணீரால் கழுவித் துடைத்து, மருந்துப் புட்டியின் சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

செய்யக் கூடாதவை

1. மீன் முள் சிக்கினால் நாம் சோற்று உருண்டையை விழுங்குவது போல, பூனைக்கும் உருண்டையைத் திணிக்கக் கூடாது. முள் இன்னும் ஆழமாகக் குத்தும்.
2. விளக்கெண்ணெய், நல்லெண்ணெய் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. எண்ணெய் மூச்சுக்குழலில் புகுந்தால் நுரையீரல் அழற்சி வரும்.
3. நாம் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் சாப்பிடும் பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே உயிரைப் போக்கப் போதும்.
4. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பைத் தீனியில் கலக்கக் கூடாது. இவை பூனையின் இரத்த அணுக்களை அழிக்கும்.
5. நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போடக் கூடாது. பூனை தொடர்ந்து சில நாள் பட்டினி கிடந்தால், உடலின் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் செயலிழந்துவிடும். சற்றுப் பருத்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு நாள் முழுதும் சாப்பிடாத வயதான பூனையை மறுநாள் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு நாளைக்கு மேல் விடலாகாது.

மருத்துவரிடம் கொண்டு செல்லுதல்

மூங்கில் கூடையிலோ அட்டைப் பெட்டியிலோ பழைய துணி விரித்துப் பூனையை வைத்து, காற்றோட்டத்துடன் மூடிக் கட்டி எடுத்துச் செல்லவும். பிடிக்கும்போது கனமான துண்டைப் போர்த்திச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கிளம்பும் முன் தீனி தர வேண்டாம். மயக்கம் கொடுக்க நேரிடலாம். தண்ணீர் குடித்தால் குடிக்கட்டும்.

முதலில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும். எக்ஸ்ரே, உள்நோக்கிக் கருவி, அறுவை ஆகியவை தேவைப்பட்டால் அவர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் இக்கல்லூரிகள் உள்ளன. வாய்ப்புண் ஆறும் வரை பூனையால் சாப்பிட முடியாது என்றால், கழுத்தின் பக்கவாட்டில் உணவுக்குழலுக்குள் சிறு குழாய் பொருத்தி, அதன் வழியே கரைத்த தீனியைச் செலுத்தச் சொல்வார்கள். பார்ப்பதற்குக் கொடுமையாகத் தோன்றினாலும், வலியுள்ள வாயைத் திறந்து ஊட்டுவதைவிடப் பூனைக்கு இது இதமானது. வீட்டிலேயே செய்யலாம்.

தேறி வரும் பூனைக்குத் தீனி

பூனை இறைச்சி உண்ணும் விலங்கு. பால் சோறு மட்டும் கொடுத்தால் அதற்குப் போதிய சத்துக் கிடையாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் கழிச்சலும் வரும். வாயும் தொண்டையும் தேறி வரும் பூனைக்குக் கீழ்க்கண்டவாறு தீனி தயாரிக்கலாம்.

முள் நீக்கிய மீனையோ, எலும்பு நீக்கிய கோழி இறைச்சியையோ உப்பும் மசாலாவும் இல்லாமல் வேக வைக்கவும். வெந்த நீருடனேயே சேர்த்து அம்மியிலோ மிக்சியிலோ கூழாக அரைக்கவும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைச் சிறிது சேர்க்கலாம். கைபொறுக்கும் இளஞ்சூட்டில் வைத்தால் வாசனை எழும். வாசனை இல்லாத தீனியை வயதான பூனை தொடாது. நாளைக்கு 4 அல்லது 5 முறை, சிறு அளவாக வைக்க வேண்டும். எதுக்களிக்கும் பூனைக்கு வட்டிலைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்தால், நின்றவாறு சாப்பிடும்போது தீனி எளிதில் இறங்கும். 4 கிலோ எடையுள்ள பூனைக்குத் தீனியில் உள்ளதையும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லி நீர் தேவை.

வருமுன் காத்தல்

பூனைக் குட்டிக்கு 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் கூறியவாறு ஆண்டுதோறும் தொடர வேண்டும். இது பூனையைவிட வீட்டாருக்கே பெரிய காப்பு.

ஊசி, நூல், சணல், தூண்டில் முள் ஆகியவற்றைப் பூனைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கோழி எலும்பையும் பெரிய மீன் முள்ளையும் வட்டிலில் போடும் வழக்கத்தை விட வேண்டும்.

10 வயதைக் கடந்த பூனையை மாதம் ஒரு முறை எடை போடுவது மிகவும் பயன் தரும். தானியம் நிறுக்கும் தராசிலேயே பைக்குள் வைத்து நிறுக்கலாம். 4 கிலோ இருந்த பூனை 3 கிலோ 600 கிராமாகக் குறைந்தால் நமக்குச் சிறிய வேறுபாடாகத் தோன்றும். ஆனால் 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்கு அது ஒப்பாகும். அந்த நிலையிலேயே மருத்துவரிடம் காட்டினால், பல் நோயையும் சிறுநீரக நோயையும் வாய்ப்புற்றையும் முன்னதாகவே கண்டுகொள்ளலாம்.

நினைவில் கொள்ள

வட்டிலுக்கு வந்து திரும்பும் பூனைக்குப் பசியில்லை என்று எண்ணாதீர்கள். அது விழுங்க முடியாமல் தவிக்கிறது. தள்ளி நின்று கவனியுங்கள். வாயில் கை விடாதீர்கள். இரண்டு நாளுக்குள் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். கடிபட்டால் 15 நிமிடம் சோப்பால் கழுவி அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

முகாமில் பேசிய அந்தப் பெரியவர் மறுநாளே பூனையைக் கூடையில் வைத்து மருந்தகத்துக்குக் கொண்டு போனார். ஆடிக்கொண்டிருந்த இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். அடுத்த முகாமுக்கு வந்தபோது, “இப்ப மூட்டை மேலதானுங்க படுத்துக் கெடக்குது, ராத்திரியானா எலி பிடிக்குது” என்றார். எங்கள் பூனைக்கு நாங்கள் தரத் தவறிய அந்த ஒன்பது நாளை உங்கள் பூனைக்கு நீங்கள் தர முடியும்.